பேஸ்மென்டில் படுக்கும் பெற்றோருக்காக

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் என்னிடம் வருகிறவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். இருமல், தடிமன், ஊர்த் தூசி. ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் எந்த வருத்தமும் இல்லாமல் வந்தார். கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உள்ளங்கையளவு வெள்ளைக் கருவி, அதில் 340 என்று ஓர் எண். ரொறன்ரோவில் மகன் வீட்டு பேஸ்மென்டில் மருமகள் வைத்ததாம். ஒன்பது வருடங்களாக இவர் படுப்பது அங்கேதான். "இது என்ன டொக்டர், வீட்டுக்கும் பிரஷரா?" என்று கேட்டார்.

அது ரேடன் வாயுவின் அளவு. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது பிறக்கும் வாயு. நிறமில்லை, மணமில்லை. அதில் பாதி சிதைவதற்கு 3.8 நாட்கள் ஆகும். மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறிவர அந்த அவகாசம் தாராளம். ஆனால் ரேடனைவிட அது பெற்றுப்போடும் பிள்ளைகள்தான் பொல்லாதவை. பொலோனியம் போன்ற அந்தத் துகள்கள் தூசியில் ஒட்டி, மூச்சோடு போய்ச் சுவாசக் குழாயின் சுவரில் தங்கி, அல்பா கதிரை வெளிவிடுகின்றன. தோலைக்கூடத் துளைக்க முடியாத கதிர் அது. உள்ளே போனபின், பக்கத்திலுள்ள கலத்தின் மரபணுவைச் சிதைக்க அந்த வலு போதும். 1988இலேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்திவிட்டது.

மண்ணில் எங்கும் இருக்கிற வாயு கனடாவில் மட்டும் ஏன் இவ்வளவு பேச்சாகிறது? காரணம் பாறை மட்டுமல்ல, வீடும்தான். பனிக்காலத்தில் சூடாக்கிய காற்று மேலெழுந்து கூரைப் பக்கத்தால் கசிகிறது. அந்த இடத்தை நிரப்ப, வீடு ஒரு புகைபோக்கி மாதிரி அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. நிலத்துக்குள் புதைந்த பேஸ்மென்டின் சீமெந்து வெடிப்பு, குழாய் ஏறும் துளை, தண்ணீர் வடியும் குழி எல்லாமே அதற்கு வாசல். யன்னலோ ஆறு மாதம் பூட்டுத்தான். அந்த வீட்டில் ஆகக் கீழே கிடப்பவர், பெரும்பாலும், ஊரிலிருந்து கூப்பிட்டு வைத்த அம்மாவும் அப்பாவும்.

340 என்பது ஒரு கனமீற்றர் காற்றில் இத்தனை பெக்கரல் என்ற கணக்கு; செக்கனுக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். கனடா அரசு 200ஐத் தாண்டினால் வீட்டைத் திருத்தச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 100ஐ இலக்காகச் சொல்கிறது; முடியாத நாடுகளும் 300ஐத் தாண்டக்கூடாது என்கிறது. நீண்டகாலச் சராசரி 100 பெக்கரல் கூடும்போதெல்லாம் சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய 16 வீதம் கூடுகிறது. புகைக்காதவருக்கு இது சிறிய ஆபத்தின் மேல் ஒரு சிறிய கூட்டல். புகைப்பவருக்கு அப்படியல்ல: ரேடனால் அவருக்கு வரும் ஆபத்து புகைக்காதவருடையதைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு.

ஆசிரியர் இளமையில் சுருட்டுப் பிடித்தவர். யாழ்ப்பாணத்தில் அதைச் சொல்ல வெட்கப்படுகிற வழக்கம் இல்லை. விட்டு முப்பது வருடமாம். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தோம், சுத்தம். ஆனாலும் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று நான் அனுப்பவில்லை. ரேடனுக்கு இருமல், மூச்சிரைப்பு என்று ஒரு முன்னறிவிப்பும் கிடையாது. இரத்தத்தில் பார்த்துச் சொல்லும் வழக்கமான பரிசோதனையும் இல்லை. சோதிக்க வேண்டியது ஆளை அல்ல, வீட்டை.

மகனிடம் சொல்லும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு கிழமை எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நாளுக்கு நாள் அது ஏறி இறங்கும். குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் கருவியை ஆள் இருக்கும் அறையில் வைக்க வேண்டும். அப்போதும் 200க்கு மேல் என்றால், தேர்ச்சிச் சான்றுள்ள ஆளைக் கொண்டு தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, மின்விசிறியால் அடியிலுள்ள வாயுவை வீட்டுக்கு வெளியே இழுத்துவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அளவு 80 வீதத்துக்கு மேல் குறைந்துவிடும். வெடிப்பை மட்டும் பூசிவிட்டுப் படுப்பது காசு மிச்சம் பிடிக்கிற வேலை, வாயுவை நிறுத்துகிற வேலை அல்ல. வேலை முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும்.

இங்கே வீடு வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். நம் நிலம் சுண்ணாம்புக்கல். கருங்கல்லைவிட அதில் யுரேனியம் பொதுவாகக் குறைவு. தோண்டினால் கல்லும் தண்ணீரும் வருகிற ஊரில் நிலவறை கட்டுபவரும் அரிது. விறாந்தையும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீடு நாள் முழுக்க மூச்சு விடுகிறது. எனக்குக் கவலை தருவது புதிய வீடுகள்: ஏசிக்காக இடுக்கெல்லாம் அடைத்த அறை, அதற்குள் நுளம்புச்சுருள், பக்கத்தில் சிகரெட். இந்த அறைகளில் ரேடனைவிடப் புகைதான் முதல் எதிரி. காலையில் இரண்டு பக்க யன்னலையும் திறந்துவிட்டால் இரண்டுமே குறையும்.

தை மாதம் ஆசிரியர் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசினார். மூன்று மாதச் சராசரி 290. மகன் ஆள் பிடித்து விசிறி போட்டுவிட்டாராம், எண் இப்போது 45. விசிறி இரவில் இரைகிறது, நித்திரை வரவில்லை என்று குறைப்பட்டார். கட்டிலை மறுசுவருக்கு மாற்றச் சொன்னேன்.