எந்த அந்தோணியார்?

பாம்பன் கரையில் நின்றுகொண்டு "அந்தோணியார் வந்துருச்சா?" என்று கேட்டால், "எந்த அந்தோணியார்?" என்றுதான் பதில் வரும். கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் படகேறிப் போகிற ஊர். அந்தப் பெயர் வைத்த படகுக்குப் பஞ்சமே இல்லை. விவரம் வேண்டுமென்றால் படகின் பக்கவாட்டில் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி எழுதியிருக்கும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். பெயர் ஊருக்கு, எண் கணக்குக்கு.

டிவி நிகழ்ச்சிகளைத் தானாகப் பதிவு செய்யும் மென்பொருள் படும் பாடும் இதேதான். அதன் கைக்குப் பெரும்பாலும் பெயர் மட்டும் வருகிறது, எண் வருவதில்லை.

மச்சான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. ராத்திரி நாடகம் தவறிவிடும். சேர்த்துவைத்தால் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை. இலவச டிடிஎச் டிஷ், சேனலைப் பிடிக்கும் யுஎஸ்பி ட்யூனர் ஒன்று, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, 1 டெராபைட் டிஸ்க், டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள் எல்லாம் சேர்த்து அமைத்துக் கொடுத்தேன். வினாடிக்கு 3 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் 675 மெகாபைட். 1,400 எபிசோடுக்கு மேல் தாங்க வேண்டும். சில மாதத்திலேயே போன் வந்தது. "டிஸ்க் ரொம்பிருச்சு மாப்ள. ஒரே கல்யாணம் நாலு தடவ நடக்குது."

ராத்திரி ஒளிபரப்பு, காலையில் மறு ஒளிபரப்பு, மதியம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு தடவை. இது போதாதென்று, இன்னொரு பழைய தொடரின் முதல் 60 எபிசோடு அக்காவிடம் ஏற்கெனவே டிவிடியாக இருந்தது. அதையும் பெட்டி விடாமல் பிடித்திருந்தது.

படத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஒதுக்க முடியாதா என்றால், முடியாது. பதிவு செய்யலாமா வேண்டாமா என்ற முடிவை ஒளிபரப்புக்கு முன்பே எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் படமே வந்திருக்காது. வந்திருப்பது நிகழ்ச்சி வழிகாட்டி என்ற சீட்டு மட்டும். செயற்கைக்கோளிலிருந்து படமும் ஒலியும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே 18 என்று எண்ணிட்ட பொட்டலங்களில் இந்தச் சீட்டு வரும். தொடங்கும் நேரம், எவ்வளவு நேரம், தலைப்பு, ஒரு சின்ன விவரம், அதோடு ஒரு நிகழ்வு எண். அந்த எண்ணைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அது ஒரு தடவை ஒளிபரப்பாவதற்கான எண். அதே எபிசோடு காலையில் திரும்ப வரும்போது வேறு எண்ணோடு வரும். அன்றைக்குக் கடலுக்குப் போக வாங்கிய டோக்கன் மாதிரி. படகின் பதிவெண் அல்ல.

டிவிஹெட்எண்டில் இதற்கென்று சில விதிகள் உண்டு: எபிசோடு எண் வேறாக இருந்தால் பதிவு செய், துணைத் தலைப்பு வேறாக இருந்தால் செய், விவரம் வேறாக இருந்தால் செய், நாளைக்கு ஒரு தடவை மட்டும் செய். நான் கெட்டிக்காரத்தனமாக 'விவரம்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம் பெட்டி எதையுமே பிடிக்கவில்லை. அந்தச் சேனல் தினமும் அதே இரண்டு வரியைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது: குடும்பத்துக்காகப் போராடும் ஒரு பெண்ணின் கதை. மென்பொருளைப் பொறுத்தவரை, முதல் நாள் பிடித்தாயிற்று, அதற்குப் பின் வருவதெல்லாம் நகல். கடைசியில் 'நாளைக்கு ஒரு தடவை' என்பதுதான் காப்பாற்றியது. நயமில்லாத விதிதான். ஆனால் தினசரி நாடகத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

எண் இருக்கிற நாட்டில் கதையே வேறு. அமெரிக்க வழிகாட்டித் தரவில் ஒவ்வொரு எபிசோடுக்கும் 14 இடமுள்ள அடையாளம் உண்டு: இரண்டு எழுத்து, தொடருக்கு எட்டு இலக்கம், எபிசோடுக்கு நாலு. எத்தனை சேனலில் எத்தனை முறை வந்தாலும் அது மாறாது. கடைசி நாலும் 0000 என்றிருந்தால் 'எந்த எபிசோடு என்று தெரியாது' என்று பொருள். 2002-இல் தொடங்கிய மித்டிவி என்ற பதிவு மென்பொருள் அதைப் பார்த்ததும் ஒப்பிடுவதை விட்டுவிட்டுப் பிடித்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்த குணம் இது. இரண்டு தடவை பிடித்தால் ஒன்றை அழிக்கலாம், விட்டுப்போனதை எங்கே தேடுவது?

அடையாளம் சரியாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு ட்யூனர் வேறு வேலையில் இருந்தால், காலையில் வருவதும் அதே எபிசோடுதான் என்று தெரிந்து அப்போது பிடித்துக்கொள்ளும்.

தமிழ்த் தலைப்புகளில் ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. 'கொ' என்பதை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒப்பிடும் கணினிக்கு வெவ்வேறு. இதையாவது, இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் இயல்பாக்கம் என்ற சடங்கு சரிசெய்துவிடும். 'கௌரி'யில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள'வைத் தட்டுகிறார்களே, அதை எந்த இயல்பாக்கமும் தொடாது. கௌரியும் கெளரியும் அதற்கு இரண்டு பெண்கள்.

இனி அக்காவின் டிவிடிக்கு வருவோம். பதிவு மென்பொருள் வைத்திருப்பது தான் பிடித்தவற்றின் பேரேடு மட்டும். அலமாரியில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, வீட்டில் இருக்கும் வீடியோக்களை நூலகமாக அடுக்கும் ஜெல்லிஃபின், எம்பி போன்ற மென்பொருள்களில் 'நூலகத்தில் இருப்பதைப் பதிவு செய்யாதே' என்ற குறியை இடுவது. அவை சீசன் எண்ணையும் எபிசோடு எண்ணையும் வைத்து ஒப்பிடுகின்றன. ஆகவே டிவிடியிலிருந்து எடுத்த கோப்புக்கு எஸ்01இ05 என்ற முறையில் பெயர் இருக்க வேண்டும், சீட்டிலும் எண் வர வேண்டும். டிவிடியில் இருக்கும் வரிசையும் ஒளிபரப்பான வரிசையும் சில தொடர்களில் ஒத்துப்போகாது. டிவிடிபி என்ற தரவுத்தளம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. நிகழ்ச்சி வழிகாட்டியை எழுதிவைக்கும் எக்ஸ்எம்எல்டிவி கோப்பில் இன்னொரு கூத்து. அதன் சொந்த முறையில் எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குகிறது. '0.4.' என்றால் முதல் சீசன், ஐந்தாம் எபிசோடு. இதை மறந்து எழுதப்பட்ட நிரல் எல்லாவற்றையும் ஒன்று தள்ளி எண்ணி, இருப்பதைப் பிடித்து, இல்லாததை விட்டுவிடும்.

இன்னொரு வழி, பேரேட்டிலேயே எழுதிவிடுவது. மித்டிவியில் வழிகாட்டியில் தெரியும் ஒரு எபிசோடை 'ஒருபோதும் பதிவு செய்யாதே' என்று குறித்தால் போதும், பழைய பதிவுகளின் அட்டவணையில் ஒரு வரி ஏறிவிடும். பிடிக்காததைப் பிடித்ததாக எழுதும் பொய்க்கணக்குதான். 60 எபிசோடுக்கு 60 வரி.

அந்தப் பேரேட்டை நம்பி ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். ஐப்பசி மழையில் டிஷ் சிக்னல் போய், ஒரு எபிசோடு பாதிக்கு மேல் கட்டங்கட்டமாக உடைந்துவிட்டது. பேரேட்டில் மட்டும் 'பிடித்தாயிற்று'. காலை மறு ஒளிபரப்பைப் பெட்டி சீந்தக்கூட இல்லை. அந்த வரியைக் கோப்போடு நீக்கிவிட்டுக் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுசாக விழுந்தது. மச்சான் திங்கட்கிழமை கடலுக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் நின்னுபோச்சா?" என்று மட்டும் கேட்டார்.