"நான் யாருன்னு சொல்லு பாப்போம்"னு கேக்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு குறும்படத்தைப் பாருங்க

டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கற திறனும் கொஞ்சம் கொஞ்சமா குறையற நோய், இருக்கற பெரியவங்களை என்கிட்ட கூட்டிட்டு வர்றப்ப ஒண்ணு மட்டும் மாறாம நடக்கும். நான் பேச ஆரம்பிக்கறதுக்குள்ள மகனோ மகளோ குனிஞ்சு, "அம்மா, நான் யாருன்னு சொல்லு பாப்போம்"னு கேப்பாங்க. அம்மா முழிப்பாங்க, இவங்க இன்னும் சத்தமா கேப்பாங்க. அந்தம்மா முந்தானை நுனியை முறுக்க ஆரம்பிச்சிடுவாங்க, சில பேர் சும்மா சிரிச்சு வைப்பாங்க. பதில் தெரியாம சமாளிக்கற சிரிப்பு அது, கேக்கறவங்களுக்குத்தான் புரியறதில்ல.

இப்படிக் கேக்காதீங்கன்னு வாயால எவ்வளவு சொன்னாலும் ஏறாது, அதான் இப்பல்லாம் கூட வர்றவங்ககிட்ட ரெண்டு அனிமேஷன் படத்தோட பேரை எழுதிக் குடுக்கறேன்.

முதல்ல 'லேட் ஆஃப்டர்நூன்'. அயர்லாந்து கார்ட்டூன் சலூன் ஸ்டுடியோவுக்காக லூயிஸ் பேக்னல் 2017ல எடுத்தது, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போன படம், பத்தே நிமிஷம்தான். எமிலின்னு ஒரு பாட்டி, டீயில பிஸ்கட்டை முக்குறாங்க, அது நழுவி உள்ள விழுது, அது கூடவே அவங்களும் பழைய ஞாபகத்துக்குள்ள இறங்கிடறாங்க. ஞாபகத்துக்குள்ள போறப்ப அவங்க உருவமே நெகிழ்ந்து மிதக்குது. இதை நடிகர்களை வச்சு எடுத்திருந்தா ஒரு ஃப்ளாஷ்பேக்னு கடந்து போயிருப்போம், வரைஞ்சதாலதான் அந்த மூளைக்குள்ள நாமளே உக்காந்து பாக்கற மாதிரி இருக்கு. மருத்துவமும் இதத்தான் சொல்லுது, இந்த நோயில பெரும்பாலும் புது ஞாபகம்தான் முதல்ல போகும், சின்ன வயசு விஷயங்கள் ரொம்ப நாள் நிக்கும். காலையில சாப்பிட்டது மறந்தவங்க ஸ்கூல் தோழி பேரைச் சொல்வாங்க, அது நடிப்பு இல்லைங்க.

படத்தோட முடிவுதான் எனக்கு உறுத்தல். கூட இருக்கற கேட் தன்னோட மகள்னு எமிலிக்கு கடைசியில தெரிஞ்சிடுது. அழகாத்தான் இருக்கு, ஆனா அதைப் பாத்துட்டு நம்ம வீட்லயும் அப்படி ஒரு நிமிஷம் வரும்னு காத்திருக்கறவங்க நிறைய. சில சமயம் வரும், கேள்வி கேட்டு வரவைக்க முடியாது. நீங்களே "அம்மா, நான் செல்வி வந்திருக்கேன்"னு பேரைச் சொல்லிட்டு கையைப் பிடிச்சுக்கோங்க. "எங்கப்பா எங்க?"னு கேட்டா "தாத்தா செத்து முப்பது வருஷம் ஆச்சு"ன்னு சொல்லாதீங்க, அவங்களுக்கு அது அந்த நிமிஷம் நடந்த சாவு. அப்பா எப்படி இருப்பாருன்னு கேளுங்க, பேசட்டும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மறதின்னாலே வயசுன்னு விட்டுடாதீங்க, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் கூட இப்படிக் காட்டும். ரெண்டு மூணு நாள்ல திடீர்னு குழப்பம் வந்தா உடனே ஆஸ்பத்திரி.

ரெண்டாவது படம் புரூனோ கொலேயோட 'மெமொராப்ல்', பிரான்ஸ். 2019ல அன்னசிங்கற அனிமேஷன் பட விழாவுல குறும்படத்துக்கான கிரிஸ்டல் விருது வாங்குச்சு. பொம்மைகளை அசைச்சு அசைச்சு எடுத்தது, முகமெல்லாம் பிரஷ்ல பெயிண்ட் இழுத்த மாதிரி. லூயின்னு ஒரு ஓவியர், அவரைச் சுத்தி இருக்கற மேஜை, நாற்காலி, மனுஷங்க எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உருக்குலையுது. இதுக்குப் பின்னாடி நிஜமாவே ஒருத்தர் இருக்காரு, வில்லியம் உட்டர்மோலன், லண்டன்ல வாழ்ந்த அமெரிக்க ஓவியர், 1995ல அல்சைமர்னு (டிமென்ஷியாவுல ஒரு வகை) தெரிஞ்ச பிறகும் தன் முகத்தையே வரைஞ்சுக்கிட்டே இருந்தாரு. வரிசையா பாத்தா முகம் கலைஞ்சுக்கிட்டே போறது தெரியும்.

எனக்கு இந்தப் படம்தான் ஒரு படி மேல. ஏன்னா இது நோயாளியோட நிக்காம மனைவி மிஷெல் என்ன ஆகறாங்கன்னும் பாக்குது. வீட்ல துணையைப் பாத்துக்கறவங்க தூக்கமும் சாப்பாடும் இல்லாம தேய்ஞ்சு போறாங்க, யாரும் கவனிக்கறதில்ல. அப்பாவை செக்கப்புக்கு கூட்டிட்டு வர்றப்ப அம்மாவுக்கும் பிரஷர், சுகர் பாத்துடுங்க, வாரத்துல ஒரு நாளாவது ராத்திரி முழிக்கற வேலையை நீங்க எடுத்துக்கோங்க.