கருத்தடை கேட்டு வருபவரிடம் எச்.ஐ.வி. பற்றியும் பேசலாமே

கருத்தடை ஊசி போட்டுக்கொள்ளும் பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் வருகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒருவர் இவ்வளவு ஒழுங்காக மருத்துவமனைக்கு வருவது வேறு எதற்கு? ஆனாலும் பல இடங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை வேறு அறையில், வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே நடக்கிறது. "அங்கேயும் ஒரு தடவை போய்ட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் போவதில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பரிசோதனையைக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை நடக்கும் அறைக்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாத்திரை, ஊசி, காப்பர்-டி, கைத் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியான இம்ப்ளான்ட், அறுவை சிகிச்சை எல்லாமே கர்ப்பத்தைத் தடுக்கும். எச்.ஐ.வி.யைத் தடுக்காது. இரண்டையும் சேர்த்துத் தடுப்பது ஆணுறையும் பெண்ணுறையும் மட்டுமே. கருத்தடை செய்துகொண்டதும் பல தம்பதிகள் ஆணுறையை விட்டுவிடுகிறார்கள். 'இனி எதற்கு' என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்புதான். அதனால் கருத்தடை முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் பேசிவிட வேண்டும்.

கருத்தடை ஊசி எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுமா என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. எஸ்வாத்தினி, கென்யா, தென்னாப்பிரிக்கா, சாம்பியா ஆகிய நாடுகளில் 7,800-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. ஊசி, காப்பர்-டி, இம்ப்ளான்ட் மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அது நிம்மதியான செய்தி. ஆனால் அதே ஆய்வில் ஆண்டுக்கு 100 பெண்களில் ஏறக்குறைய 4 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது. அவர்கள் எல்லாரும் கருத்தடைக்காக வந்தவர்கள், ஆணுறையும் ஆலோசனையும் கிடைத்தவர்கள். என்னை அதிகம் உலுக்கியது இந்த எண்தான்.

பரிசோதனை எளிது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும், 20 நிமிடத்தில் முடிவு தெரியும். காத்திருக்கும் நேரத்தில் கருத்தடை முறைகளை விளக்கிவிடலாம். எந்த முறை என்று முடிவெடுப்பதை மட்டும் பரிசோதனை முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பதற்றத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார்.

நெகட்டிவ் என்று வந்தால், சமீபத்தில் ஆபத்தான தொடர்பு இருந்ததா என்று கேட்க வேண்டும். தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். தெரிய மூன்று மாதம் வரைகூட ஆகலாம். அவர் அடுத்த ஊசிக்கு வரும்போது மறுபடி பார்த்துவிடலாம். ஆபத்து தொடர்ந்து இருப்பவர்களுக்கு, தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை பற்றியும் சொல்லுங்கள். ஒரு கிட்டில் கோடு விழுந்ததுமே பாசிட்டிவ் என்று சொல்லிவிடக் கூடாது. அடுத்தடுத்து மூன்று பரிசோதனைகளில் உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பாசிட்டிவ் என்று உறுதியானால் அவரை எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. அந்தச் சிகிச்சையில் தரப்படும் எஃபாவிரென்ஸ் மருந்து இம்ப்ளான்டின் வேலையைக் குறைக்கும். இன்னொரு மருந்தான டோலுடெக்ராவிருக்கு அந்தச் சிக்கல் இல்லை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் கருத்தடை கொடுத்தால், அவர் விரும்பாத கர்ப்பத்தில் போய் முடியலாம்.

அவருக்குக் குழந்தை வேண்டும் என்ற ஆசையும் இருக்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கர்ப்பகாலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் சரியான சிகிச்சை கிடைத்தால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். மருந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவில் துணைக்குத் தொற்றாது. இவ்வளவு தெரிந்த பிறகும், பாசிட்டிவ் என்பதற்காக ஒரு பெண்ணைக் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நெருக்குவது பெரும் அநியாயம்.

பரிசோதனை கட்டாயமும் அல்ல. "வேண்டாம்" என்றால் சரி, கேட்டு வந்த கருத்தடையை முகம் சுளிக்காமல் கொடுத்து அனுப்புங்கள். டெஸ்ட் எடுத்தால்தான் ஊசி என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அவர் இரண்டுக்குமே வராமல் போய்விடுவார்.

அப்புறம், பாசிட்டிவ் என்பதைக் கணவரிடம் சொல்வது. கணவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்தான். ஆனால் அதைப் பேசும் முன், வீட்டில் அடி உதை உண்டா, விஷயம் தெரிந்தால் வெளியே துரத்திவிடுவார்களா என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். பயமிருந்தால் சொல்வதைத் தள்ளிப்போடலாம், ஆலோசகர் உடனிருக்கும்போது சொல்ல ஏற்பாடு செய்யலாம். ஏ.ஆர்.டி. மாத்திரையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அந்தப் பெண் தயாராக இருந்தால் பாசிட்டிவ் என்று உறுதியான அன்றைக்கே தொடங்கலாம்.