ரோபோ: 'இயந்திர மனிதன்' அல்ல, பணிப்பொறி

"செவ்வாயில் இயந்திர மனிதன் பாறையைத் துளையிட்டான்." இப்படியொரு வாக்கியத்தைக் கேட்டுப் பொறுத்துப் போன காலம் முடிந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ், ஆறு சக்கரமும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளக் கையும் கொண்ட ஒரு டன் எடை ஊர்தி. அதில் மனிதன் எங்கே இருக்கிறான்? 'துளையிட்டான்' என்று ஆண்பால் விகுதி எதற்கு?

'ரோபோ' என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய உழைப்பு. 1920-இல் வெளியான ஆர்.யூ.ஆர். என்ற நாடகத்தில் கரேல் சாபெக் அதிலிருந்து 'ரோபாட்' என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப்.

அந்த நாடகத்து ரோபாட்டுகள் இரும்பால் ஆனவை அல்ல. வேதிப்பொருளிலிருந்து ஆலையில் ஆக்கப்பட்ட, சதையும் நரம்பும் உள்ள ஆட்கள். ஆகவே 'இயந்திர மனிதன்' என்ற தொடர் இரண்டு பக்கமும் பிழை. மூல நாடகத்துக்கு 'இயந்திரம்' பொருந்தாது. இன்றைய கருவிகளுக்கு 'மனிதன்' பொருந்தாது. 1961-இல் அமெரிக்கக் கார் ஆலையொன்றில் வேலைக்கு நிறுத்தப்பட்ட யூனிமேட், சூடான வார்ப்புகளை அச்சிலிருந்து எடுத்து அடுக்கிய ஒற்றைக் கை மட்டுமே. அதற்கு முகமும் இல்லை, காலும் இல்லை. வீட்டுத் தரையைக் கூட்டும் வட்டத் தட்டும் ரோபோதான். மனித உருவில் ஒன்றைச் செய்து காட்டும்போதோ, மொழிபெயர்ப்பாளர் 'மனித உருவ இயந்திர மனிதன்' என்று எழுத வேண்டியதாகிறது. எழுதவும் செய்கிறார்கள். எழுதியவர் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்.

'எந்திரன்' அதைவிடச் சுருக்கம், ஓசையும் நன்று. ஆனால் அந்த 'அன்' விகுதி சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே வரம்பு கட்டிவிட்டது. ஆங்கிலத்தில் எழுவாய் எதுவானாலும் வினைமுற்று அதைக் காட்டிக்கொடுக்காது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என்று முடிவெடுக்காமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. எந்திரன் என்று தொடங்கினால் 'செய்தான்' என்றுதான் முடிக்க வேண்டும். ஒரு கருவிக்கு ஆண்மையையும் ஆளுமையையும் அந்த விகுதியே கொடுத்துவிடுகிறது.

இதை இலக்கண முரண்டு என்று தள்ளிவிட வேண்டாம். 1979-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வார்ப்பாலையில் ரோபோவின் கை தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார். 1983-இல் நடுவர் குழு அந்தக் கருவியைச் செய்த நிறுவனத்தை அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 'இயந்திர மனிதன் தொழிலாளியைக் கொன்றான்' என்று எழுதிப் பாருங்கள். குற்றவாளி கிடைத்துவிட்டான், பாதுகாப்பு ஏற்பாட்டைச் சரியாகச் செய்யாத மனிதர்கள் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள். அறுவை அரங்கிலும் இதே கதை. மருத்துவர் கட்டுப்பாட்டு மேசை முன் அமர்ந்து ரோபோ கையின் ஒவ்வோர் அசைவையும் தன் விரலால் இயக்குகிறார்; செய்தியிலோ 'இயந்திர மனிதன் அறுவை செய்தான்'. மருத்துவரின் திறமையும் பொறுப்பும் ஒரே வரியில் பறிபோகின்றன.

'தானியங்கி' திணையில் தப்பிப்பது உண்மை. ஆனால் தானாகத் திறக்கும் கதவும் தானியங்கி, பணம் தரும் பெட்டியும் தானியங்கி. எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. 'ரோபோ' என்றே எழுதிவிடலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

ஆனாலும் தமிழில் சொல்ல வழி இருக்கிறது. பொறி என்பது பழஞ்சொல். சிலப்பதிகாரம் மதுரை மதிலில் இருந்த படைக்கருவிகளை அடுக்கும்போது 'வளைவிற் பொறி' என்கிறது. தானே வளைந்து அம்பெய்யும் எந்திரவில் என்று உரை சொல்கிறது. எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி என்று பல பொருள் இருப்பதால் குழப்பம் வரும் என்பார்கள். பொறியியல் படித்தவர் தீப்பொறியைப் படித்ததாக எவரும் நினைக்கவில்லையே. ஐம்பொறி இங்கே கூடுதல் பொருத்தம்: சுற்றுப்புறத்தை உணர்ந்து அதற்கேற்ப இயங்குவதுதான் இன்றைய ரோபோக்கள் பலவற்றைப் பிற இயந்திரங்களிலிருந்து பிரிக்கிறது.

முன்னொட்டாகப் 'பணி'. வேலையும் பணி, கட்டளையும் பணி; ஆணையிடுவது பணித்தல், அடங்குவது பணிதல். செக் மொழியின் ரோபோட்டாவுக்குள் இருக்கும் ஆண்டான் அடிமை உறவு முழுவதும் இந்த ஈரெழுத்துச் சொல்லுக்குள் அடங்குகிறது. பணிப்பொறி. பகரத்தை இரட்டித்தே எழுதுங்கள். ஒற்று விட்டால் வினைத்தொகையாகி 'பணிகின்ற பொறி' என்று பொருள் குறுகும்.

நாளைக்குப் பணிப்பொறி உண்மையிலேயே நோவும் மகிழ்வும் உணரத் தொடங்கினால்? அதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு. உவப்பினால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பதைத் திணை வழுவமைதியாக, அதாவது திணை மாறினாலும் காரணம் கருதி ஏற்கத்தக்கதாக, நன்னூல் வழி ஏற்கிறோம். வீட்டில் குழந்தை தன் பொம்மைப் பொறியை 'அவன்' என்று அழைத்தால் அழைக்கட்டும். செய்தி எழுதுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ரோபோக்களைப் பற்றிய துறை பணிப்பொறியியல். மனித உருவில் வந்தால் மனிதவுருப் பணிப்பொறி. திரைக்குள் எழுத்தில் பேசும் 'பாட்' (bot) வெறும் மென்பொருள். அதற்கு உடல் இல்லாததால் பொறி என்பதும் தவறு, உரையாடு நிரல் என்றால் போதும்.