தொலைதூர வேட்டையிலிருந்து கறியைக் கெடாமல் வீடு சேர்ப்பது எப்படி?

இரண்டு நாள் பயணம் முடிந்து வெட்டுமேசைக்கு வந்த ஒரு பின்னந்தொடை. தொட்டால் மேலே சில்லென்று இருக்கும். நிறமும் நல்ல கருஞ்சிவப்பு. கத்தியை இடுப்பு மூட்டுவரை இறக்கிப் பிளந்த பிறகுதான் விஷயம் தெரியும். எலும்பையொட்டிச் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்த கறி, விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு, மூக்கைப் பிடிக்கவைக்கும் புளித்த வாடை. கறி வெளியிலிருந்து கெடவில்லை, எலும்பிலிருந்து வெளிப்பக்கமாகக் கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் வழிநெடுக ஐஸ் மாற்றியிருப்பார். ஆனால் உள்சூடு இறங்கும் முன்பே பெட்டியை மூடியிருப்பார்.

இந்தத் தவறை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஐஸ் பெட்டி கறியைக் குளிரவைக்கும் என்ற நினைப்பில்தான் இது நடக்கிறது. பெட்டியாலும் வண்டியாலும் விமானத்தாலும் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் கறியைக் காக்கத்தான் முடியும். குளிரவைக்கும் வேலை கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் சில மணி நேரம்

எல்க், மூஸ் போன்ற பெரிய மானினங்களின் உடற்சூடு 38, 39 டிகிரி. குளிர்காலத்துக்கென்று வளர்ந்த அடர்ந்த ரோமத்தோல் கம்பளிபோல அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கும். உறைபனி விழும் இரவில்கூட, தோல் உரிக்காமல் கிடத்திவைத்த எல்க்கின் தொடை மூட்டுப் பகுதி காலையில் வெதுவெதுப்பாகவே இருக்கும். தரையோடு படிந்த பக்கம் இன்னும் மோசம். அதனால் குடலை எடுத்ததும் தோலை உரித்துவிடுங்கள். உடனே கால்களைத் தனித்தனியாகப் பிரித்து, காற்று நாலாபக்கமும் படும்படி நிழலில் தொங்கவிடுங்கள். வயிற்றைத் திறக்காமலே முதுகுப்பக்கமாகத் தோலுரித்து நான்கு கால்களையும் முதுகுக்கறியையும் கழற்றும் முறையும் இருக்கிறது. குடல் கிழிந்து கறியில் படும் ஆபத்து அதில் குறைவு.

தொங்கும் கறிக்குக் காற்றோட்டமுள்ள துணிப்பைதான் போடவேண்டும். பிளாஸ்டிக் பை சூட்டையும் ஈரத்தையும் சேர்த்தே அடைத்துவிடும். துணிப்பைக்குள் சில மணி நேரத்தில் கறியின் மேற்பரப்பு காய்ந்து, மெல்லிய தோல்போல ஒரு படலம் கட்டும். ஈ முட்டையிடவும் கிருமி பெருகவும் ஈரம் வேண்டும். அதனால் அந்தக் காய்ந்த படலத்தைக் கறி தானே போட்டுக்கொண்ட உறை என்று எண்ணி, வீடு வரும்வரை சீவாமல் விடுங்கள். ரோமமும் மண்ணும் ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய கறியை மட்டும் அப்போதே தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயக் குண்டென்றால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டியும் சிதறியிருக்கும். அந்தப் பகுதிக் கறியைக் கொத்துக்கறியில் சேர்ப்பது பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லதல்ல.

இரவில் வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடமென்றால் எலும்போடு தொங்கவிட்டாலே போதும். பகலில் வெயில் ஏறும்போது கறியை இறக்கி, நிழலில் தார்ப்பாயும் போர்வையும் போட்டு மூடினால் இரவுக் குளிர் மாலைவரை தங்கும். இரவிலும் 10 டிகிரிக்கு மேலேயே இருந்தால் யோசிக்க நேரமில்லை. தொடை எலும்பு நெடுகக் கத்தியால் ஆழமாகக் கீறித் திறந்துவிடுங்கள், அல்லது எலும்பையே எடுத்துவிடுங்கள். சதை விறைத்துத் தளர்வதற்குச் சுமார் ஒரு நாளாகும். அதற்குள் எலும்பிலிருந்து பிரித்த சதை சுருங்கி, சமைத்தால் கொஞ்சம் கடினமாக இருக்கும் என்பது உண்மைதான். கடினமான கறியை மெதுவாக வேகவைத்துச் சாப்பிடலாம், புளித்ததைச் சாப்பிட முடியாது. சதை விறைப்பு நீங்கும் முன்பே உறையவைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எலும்பு எடுக்கும் முன் அந்தப் பகுதியின் வேட்டை விதியைப் படித்திருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு கறியோடு இயற்கையாக ஒட்டியிருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் கேட்கின்றன. அலாஸ்காவின் சில பகுதிகளில் காட்டைவிட்டு வெளியே வரும்வரை கால்களும் விலாவும் எலும்போடேயே இருக்கவேண்டும்.

ஐஸ் எவ்வளவு வேண்டும்?

ஐஸைக் கண்ணளவில் போடாமல் கணக்குப் போட்டு வாங்குவதே நல்லது. 30 டிகிரியில் இருக்கும் 40 கிலோ கறியை 4 டிகிரிக்கு இறக்க, ஏறத்தாழ 11 கிலோ ஐஸ் முழுதாக உருகவேண்டும். பெட்டிச் சுவர் வழியாக நுழையும் சூடும், மூடியைத் திறக்கும்போது வரும் சூடும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதனால் 20 கிலோவுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதே கறியை ஒரு நாள் காற்றில் தொங்கவிட்டு 6, 7 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால், கறிக்காக மட்டும் உருகும் ஐஸ் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. மிச்ச ஐஸ் முழுவதும் பயணத்துக்கு நிற்கும்.

வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்த பெட்டியும் சூடுதான். முந்தின நாளே ஒரு பை ஐஸ் கொட்டி அதைக் குளிரவைத்துவிட்டு, கிளம்பும்போது புது ஐஸ் போடுங்கள். நொறுக்கு ஐஸ் வேகமாகக் குளிரவைக்கும், வேகமாகக் கரையும். ஐஸ் பார் நீண்ட நேரம் தாங்கும். இரண்டும் கலந்து போடலாம். பிளாஸ்டிக் புட்டிகளில் தண்ணீரை உறையவைத்துக் கொண்டுபோனால் உருகிய தண்ணீர் கறியில் படாது, குடிக்கவும் ஆகும். உருகிய தண்ணீரில் கறி ஊறுவது பெரிய கேடு. ரத்தமும் சுவையும் வடிந்து, வெளிறிய மேற்பரப்பில் வழவழப்பு ஏறும். பெட்டியின் அடியில் ஒரு கம்பித்தட்டு வைத்து, அதன்மேல் கறியை அடுக்கி, வடிகால் அடைப்பைத் திறந்து அந்தப் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். ஒரு வெப்பமானியின் முனையைப் பெரிய துண்டின் நடுவில் குத்தி, வயரை மூடியோரமாக வெளியே விட்டுவிட்டால், திறந்து திறந்து பார்க்கும் ஆசை வராது.

டிரை ஐஸ்

டிரை ஐஸ் என்பது கட்டியாக உறைந்த கரியமில வாயு. மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும், உருகாமல் நேராக வாயுவாகும். இதைப் போட்டால் கறி வழியிலேயே உறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 4 டிகிரியில் உள்ள 40 கிலோ கறியை மைனஸ் 18-க்குக் கொண்டுபோகக் குறைந்தது 17 கிலோ டிரை ஐஸ் தீரும். மேலே இருப்பது கல்லாகி, அடியில் இருப்பது பச்சையாகவே கிடக்கும். ஏற்கெனவே கல்லாக உறைந்த கறிக்கு மேலே வைத்தால்தான் அது உபயோகப்படும். சாதாரணப் பெட்டியில் ஒரு நாளைக்கு 2 முதல் 5 கிலோ வரை காணாமல் போகும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். குளிர்காற்று கீழ்நோக்கி இறங்குவதால் அதைக் கறிக்கு மேலே வையுங்கள், இடையில் ஓர் அட்டை போடுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவாகும். ஜன்னல் மூடிய காரில், பின்சீட்டில் அந்தப் பெட்டியோடு இரவெல்லாம் ஓட்டுபவருக்கு முதலில் தலைவலி, பிறகு மூச்சிரைப்பு, மயக்கம். வண்டிக்குள் படுத்துத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து. டிரக்கின் திறந்த பின்பகுதியில் பெட்டியை வையுங்கள். வழியே இல்லையென்றால் ஜன்னலை இறக்கியே ஓட்டுங்கள். காற்றுப் புகாமல் மூடும் ரப்பர் விளிம்புப் பெட்டிகளில் வடிகால் அடைப்பைத் திறந்தே வைக்கவேண்டும். இல்லையென்றால் வாயு அழுத்தத்தில் பெட்டி வெடிக்கலாம்.

விமானத்தில் வருபவர்களுக்கு

விமானத்தில் ஒரு பயணிக்கு 2.5 கிலோ டிரை ஐஸ்தான் அனுமதி, அதுவும் விமான நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால். பெட்டி வாயுவை வெளியேவிட வேண்டும், மேலே டிரை ஐஸ் என்ற குறிப்பும் நிகர எடையும் இருக்கவேண்டும். உண்மையில் அது இல்லாமலே சமாளிக்கலாம். முழுக்க உறைந்த கறியே நல்ல ஐஸ் பார். வேட்டையூரில் கறி வெட்டித் தருபவரிடம் இரண்டு மூன்று நாள் டீப் ஃப்ரீசரில் வைக்க இடம் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். பருவத்தில் அந்த இடங்கள் நிரம்பி வழியும், வேட்டை முடிந்தபிறகு தேடினால் கிடைக்காது.

பெட்டியின் சொந்த எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதிவுப் பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோ வரம்பு, கூடுதல் கட்டணம் கட்டினால் 32. தடித்த வார்ப்புப் பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி காலியாகவே 10 கிலோவைத் தொடும். அட்டைப்பெட்டிக்குள் தெர்மோகோல் பெட்டி வைத்தால் 2 கிலோகூட வராது. உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை விரித்து, தட்டையாக உறையவைத்த பொட்டலங்களைச் செங்கல்போல நெருக்கி அடுக்கி, சந்துகளில் செய்தித்தாளைத் திணியுங்கள். காற்று நிற்கும் இடத்தில்தான் முதலில் உருகும். ஒரு சொட்டு ரத்தம் கசிந்தாலும் பெட்டியை ஏற்க மறுப்பார்கள். முதுகெலும்பையொட்டிய நீளக்கறியைக் கைப்பையில் கொண்டுவரலாம். பெட்டி தொலைந்தாலும் நல்ல கறி மிஞ்சும். அதோடு வைக்கும் ஐஸ் பொட்டலம் சோதனை வாயிலில் கல்லாக உறைந்திருக்க வேண்டும், பாதி உருகியிருந்தால் எடுத்துவிடுவார்கள்.

எல்லை, நோய், காகிதம்

மான்களின் மூளையைத் துளைத்து உருக்குலைக்கும் நோய் ஒன்று 1967-ல் அமெரிக்காவின் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. 2016-ல் நார்வேயிலும் தென்பட்டது. பிரியான் என்ற புரதம்தான் காரணம். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது அழியாது. மனிதருக்குப் பரவியதாக உறுதியாகவில்லை. ஆனாலும் சோதனையில் நோய் உறுதியான மானை உண்ணவேண்டாம் என்பதே மருத்துவ அறிவுரை. நோயுள்ள பகுதியிலிருந்து மூளையும் முதுகெலும்பும் வெளியே போகக்கூடாது என்று பல மாநிலங்களும் கனடாவின் மாகாணங்களும் தடை வைத்திருக்கின்றன. எலும்பு நீக்கிய கறி, சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகடோடு கொம்பு இரண்டுக்கும் பொதுவாக அனுமதி உண்டு. நீங்கள் கடந்துவரும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியும் உங்களுக்குப் பொருந்தும். தொண்டை நிணநீர்க் கணுவைச் சோதனைக்குக் கொடுத்தால் முடிவு வரச் சில நாளோ சில வாரமோ ஆகும். அதுவரை அந்தக் கறியை வேறு விலங்கின் கறியோடு சேர்த்து அரைக்கக் கூடாது. வெட்டித் தருபவர் ஒவ்வொருவர் கறியையும் தனித்தனியாக அரைக்கிறாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நாடு தாண்டுவது வேறு கதை. கோமாரி இருக்கும் நாடுகளில் வேட்டையாடிய குளம்பு விலங்குகளின் பச்சைக் கறியைப் பயணப்பெட்டியில் கொண்டுவரப் பல நாடுகள் விடாது. ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டுக் கறியைப் பயணிகளிடமிருந்து பொதுவாக ஏற்பதில்லை. காட்டுப்பன்றியென்றால் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸ் உறைந்த கறியில் நெடுநாள் உயிரோடிருக்கும். மனிதருக்குத் தீங்கில்லை, ஆனால் ஒரு துண்டு எறிந்தால் பண்ணைகளே அழியும். அப்படிப்பட்ட கறியை அங்கேயே உணவுக்கு ஏற்பவர்களிடம் கொடுத்துவிடுவதுதான் சரி.

கரடிக்கறிக்குத் தனி எச்சரிக்கை. கனடாவின் சஸ்காச்சுவானில் வேட்டையாடிய கரடியின் கறியை 45 நாள் உறைநிலையில் வைத்திருந்து, 2022-ல் ஒரு குடும்ப விருந்தில் பரிமாறினார்கள். 6 பேருக்கு டிரிக்கினெல்லா புழுநோய் வந்தது. அதில் இருவர் கறியைத் தொடவேயில்லை, கூடவே வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். வடக்கத்திய டிரிக்கினெல்லா வகைகள் குளிரைத் தாங்கும். கறியின் நடுவில் 74 டிகிரி ஏறவேண்டும். உறையவைத்ததை நம்பி அரைவேக்காடாகச் சாப்பிடாதீர்கள்.

வேட்டை உரிமத்தின் நகலும் விலங்கில் கட்டும் குறிச்சீட்டின் விவரமும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கட்டும். ஒருவர் சுட்டதை இன்னொருவர் கொண்டுவந்தால், சுட்டவர் கையெழுத்திட்ட கடிதமும் பல இடங்களில் தேவை.

வீட்டு வாசலில்

பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு பொட்டலத்தையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்லாக இருந்தால் நேரே டீப் ஃப்ரீசருக்கு. ஓரம் மெத்தென்று, நடுவில் ஐஸ் பரல் நெருடினால், அல்லது உள்வெப்பம் 4 டிகிரிக்கு மேல் போகவில்லையென்றால், மறுபடி உறையவைக்கலாம். சற்றே சாறு குறையும், அவ்வளவுதான். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் தாண்டியதை விட்டுவிடுங்கள். வேக்குவம் பொட்டலம் உப்பியிருந்தால் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

உறையாத கறி நிறைய வந்திருந்தால் வீட்டு ஃப்ரீசரின் வலுவை எண்ணிப் பாருங்கள். 300 லிட்டர் பெட்டியில் 150 கிலோ அடங்கும். ஆனால் ஒரு நாளில் அதனால் உறையவைக்க முடிவது 10 முதல் 14 கிலோதான். மொத்தத்தையும் ஒரே இரவில் அடைத்தால் நடுவில் உள்ளவை மூன்று நாள்கூட மெத்தென்றே கிடக்கும். முதல் தவணையைச் சுவரையொட்டி இடைவெளிவிட்டுப் பரப்புங்கள், மீதியை ஐஸ் பெட்டியிலேயே 4 டிகிரிக்குக் கீழே வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் விலங்கு, எந்தப் பகுதிக் கறி, தேதி, சோதனை எண் நான்கையும் அழியாத மையால் எழுதுங்கள். சோதனை முடிவு வந்ததும் எந்தப் பொட்டலத்தைப் பிரிக்கலாம், எதை ஒதுக்கவேண்டும் என்று அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்கமுடியும்.