நுனியை வெட்டினால் மல்லி ஏன் கிளைக்கிறது?

"மாடித் தொட்டியில் குண்டுமல்லி ஆள் உயரத்துக்குப் போய்விட்டது. பூ மட்டும் நாலுதான். வெட்டலாமா, பாவமில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

தாராளமாக வெட்டலாம். மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். தோட்டக்காரர்கள் நவம்பர் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு மொத்தமாகக் கவாத்து செய்கிறார்கள். மார்ச்சில் பூ வரத்து ஏறும்.

சரி, வெட்டினால் ஏன் கிளைக்கிறது? ஒவ்வோர் இலையின் கக்கத்திலும், கிளையாக வளரக்கூடிய ஒரு மொக்கு தூங்குகிறது. நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, அதை எழும்பவிடாமல் வைக்கிறது என்று பள்ளியில் படித்தோம். 1930களில் திமன், ஸ்கூக் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சின் வைத்துப் பார்த்தார்கள். பக்க மொக்குகள் எழவில்லை.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. ஆக்சின் தண்டில் மணிக்குச் சுமார் 1 செ.மீ.தான் நகரும். நுனியை வெட்டிய சில மணி நேரத்திலேயே வெகு கீழே இருக்கும் மொக்கு வளரத் தொடங்கிவிடுகிறது. ஆக்சின் குறைந்த சேதி அங்கே போய்ச் சேரும் முன்பே அது விழித்துவிட்டது! 2014இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் பட்டாணிச் செடியில் இதற்கு விடை கண்டார்கள். முதலில் எழுப்புவது சர்க்கரை. வளரும் நுனி பெருந்தீனிக்காரன். இலைகள் சமைக்கும் சர்க்கரையைப் பெருமளவு அதுவே இழுத்துக்கொள்ளும். அது போனதும் சர்க்கரை விறுவிறுவென்று பக்க மொக்குகளுக்குப் பாய்கிறது. நுனியை வெட்டாமலே சர்க்கரையைக் கூடுதலாக ஊட்டினாலும் மொக்குகள் எழுந்தன. ஆக்சினுக்கு வேலையே இல்லை என்று பொருளில்லை, அதன் பங்கு அப்புறம் வருகிறது. எனக்கு இந்தச் சோதனை மீது தனிப் பிரியம். பட்டாணிச் செடியை இப்படிப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வுகளுக்கு நம் ஊரிலும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

இது தெரிந்தால் கத்தரிக்கோல் பிடிக்கும் கையும் மாறும். நிழலில் சோர்ந்து நிற்கும் செடியிடம் சேமிப்புச் சர்க்கரை குறைவு. அதை ஒரேயடியாக வெட்டாமல், முதலில் வெயிலுக்கு நகர்த்தித் தேற்றுங்கள். தேறியதும் கணுவுக்கு அரை செ.மீ. மேலே, கூரான கத்தரியால் வெட்டுங்கள். மல்லியில் இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒரு வெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு கிளை வரும். காய்ந்த குச்சியையும் உள்பக்கம் திரும்பியதையும் அடியோடு எடுத்துவிடுங்கள்.

பூக்கிற செடியில் கத்தி வைக்கக் கூடாது என்று என் பாட்டியும் சொல்வார். செடி மீதுள்ள பாசம்தான் அது. ஆனால் கத்தியே படாத மல்லிதான் அடியில் விறகாகி, உச்சியில் நாலு பூவோடு நிற்கிறது.