ஆமைக்கு மூப்பு உண்டா?

ஜோனதன் என்ற நிலத்தாமையை 1882-இல் செஷல்ஸிலிருந்து செயின்ட் ஹெலெனா தீவுக்குக் கப்பலில் கொண்டுவந்தபோதே அது முழு வளர்ச்சி அடைந்திருந்தது. அப்போது 50 வயதாவது இருந்திருக்கும் என்று வைத்துத்தான் அதன் பிறப்பு 1832 என்கிறார்கள். பின்னாளில் அதற்குக் கண்புரை வந்து பார்வை போனது, மோப்பமும் போனது. அப்படியானால் ஆமைக்கும் மூப்பு உண்டுதானே?

நெடுநாள் வாழ்வது வேறு, மூப்படையாமல் இருப்பது வேறு. நடுவயதைத் தாண்டிய மனிதருக்கு, அடுத்த ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. கூட்டுவட்டிக் கடன் மாதிரி, முதலில் தெரியாது, எழுபதுக்கு மேல் கழுத்தைப் பிடிக்கும். உயிரியலாளர்கள் மூப்பை அளப்பது இந்த ஏற்றத்தை வைத்துத்தான். உயிரியல் பூங்காக்களில் வளரும் 52 ஆமை இனங்களின் பதிவுகளை 2022-இல் அலசியபோது, ஏறக்குறைய முக்கால்வாசி இனங்களில் இந்த ஏற்றம் மிக மெதுவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை.

குளிர் இரத்தம், மந்தமான உடல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே குளிர் இரத்தப் பிராணிகளில் வேகமாக மூப்படைபவையும் உண்டு. எனக்குப் பொருத்தமான காரணமாகப் படுவது ஆமையின் ஓடுதான். எலியை எப்படியும் ஓரிரு ஆண்டில் ஏதாவது பிடித்துத் தின்றுவிடும். பத்தாவது வயதுக்காக உடலைப் பழுதுபார்க்கும் மரபணு இருந்தும் அதற்குப் பயனில்லை, இயற்கைத் தேர்வும் அதைக் கண்டுகொள்ளாது. ஆமையிலோ முட்டையும் குஞ்சும்தான் பெருமளவில் பலியாகும். ஓடு இறுகிவிட்டால் அதைத் தொடக்கூடிய விலங்குகள் குறைவு. அப்புறம் வாழும் ஒவ்வோர் ஆண்டும் இன்னொரு முறை முட்டையிடும் வாய்ப்பு. அமெரிக்காவின் மிச்சிகனில் பல பத்தாண்டுகள் கவனித்த பிளாண்டிங் என்ற இன ஆமைகளில், வயதான பெண் ஆமைகள் இளையவற்றைவிட அதிக முட்டை இட்டன. அப்படிப்பட்ட உடலைக் காக்கும் மரபணு தலைமுறைகளில் தங்கிவிடும்.

அந்தப் பராமரிப்பின் தடயமும் கிடைத்திருக்கிறது. 2012-இல் இறந்த கலாபகஸ் தீவுகளின் ராட்சத ஆமை 'லோன்சம் ஜார்ஜ்'-இன் மரபணுத் தொகுதியை 2018-இல் வெளியிட்டார்கள். புற்றுநோயைத் தடுக்கும் சில மரபணுக்கள் அதில் கூடுதல் பிரதிகளாக இருந்தன. டிஎன்ஏ பழுதுபார்ப்பில் பங்குள்ள மரபணுக்களிலும் மாற்றங்கள் தெரிந்தன. ராட்சத ஆமைகளின் செல்களை ஆய்வகத்தில் ஒருவகை நெருக்கடிக்கு உள்ளாக்கியபோது, அவை சட்டென்று தம்மையே அழித்துக்கொண்டன. கெட்டுப்போன செல் பிழைத்திருந்து கட்டியாவதைவிட இது மேல்.

எல்லா ஆமைக்கும் இது பொருந்தாது. மிசிசிப்பி ஆற்றில் வாழும் வண்ண ஆமைகளில், வயது கூடக்கூடப் பெண் ஆமைகளின் இறப்பு கூடுகிறது. மூப்பே இல்லாவிட்டாலும் விபத்தும் நோயும் விடாது: ஆண்டுக்கு 100-இல் 2 ஆமை இறந்தால், 35 ஆண்டில் பாதி போய்விடும்.